எண்ணெய் தீர்ந்த பிறகு எரிவது திரி: லித்தியம் செல்லை வற்றவிடாமல் காப்பது

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு 10.40. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் செய்து வைத்திருந்த மழைமானி கடைசியாக ஒரு வரி அனுப்பியது. "செல் 3.01 வோல்ட்." அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அந்த இரவில்தான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் ஞாயிறு திருவண்ணாமலையில் பேய்மழை. மாலையில் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்ததில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஊரே உறைந்துபோயிருந்த அந்த இரண்டு நாளைப் பற்றி என் பதிவில் ஒரு புள்ளிகூட இல்லை. அரசாங்க மழைமானிகளின் கணக்கு இருக்கிறது. என் கருவி வேலை செய்திருந்தாலும் எதையும் தடுத்திருக்காது, அதுவும் தெரியும். ஆனால் மலைக்கு இந்தப் பக்கம், எங்கள் தெருவில், எந்த மணிக்கு எவ்வளவு கொட்டியது என்று தெரிந்துகொள்ளத்தானே அதைச் செய்தேன்? எந்த நாளுக்காகச் செய்தேனோ அந்த நாளில் அது செத்துக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை மாடிக்குப் போய் டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எம்-சீல் பூசினதுக்கு நல்ல பலன்தான். செல்லின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால் 0.9 வோல்ட். வாங்கி நாலு மாசம்கூட ஆகாத 18650 செல்.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் வேறு. "3.0 வோல்ட்டுக்குக் கீழே போனால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தூங்கு" என்று புரோகிராமில் நானே எழுதியிருந்தேன். அதுவும் சொன்னபடி தூங்கியது. அப்புறம் எப்படி 0.9? இந்தக் குறிப்பு அந்தக் கேள்விக்கான பதில்தான். லித்தியம் செல் வைத்து எதையாவது சாலிடர் பண்ணுகிற எல்லோருக்கும் இது ஒருநாள் நடக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வற்றிப்போனால் என்ன ஆகும்

தேரடி வீதிப் பக்கம் எமர்ஜென்சி லைட், டார்ச், ரேடியோ எல்லாம் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் செல்லைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, எண்ணெ தீந்த அப்புறமும் வெளக்கு எரிஞ்சுதுன்னா எரியறது எண்ணெ இல்ல, திரி. திரியக் கொளுத்திட்டு இப்ப எண்ணெ ஊத்துனா என்ன பிரயோசனம்?" என்றார்.

தீபத்துக்குப் பேர்போன ஊரில் இதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. செல்லுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

லித்தியம் அயான் செல்லின் எதிர்முனை என்பது மெல்லிய செப்புத் தகடு. அதன்மேல் கிராஃபைட் பூசியிருப்பார்கள். நேர்முனை அலுமினியத் தகடு, அதன்மேல் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு. சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். நாம் மின்சாரத்தை எடுக்கும்போது அவை எழுந்து மறுபக்கம் போகும். கிராஃபைட்டில் இருக்கும் லித்தியம்தான் எண்ணெய்.

அது கிட்டத்தட்டக் காலியான பிறகும் சர்க்யூட் விடாமல் இழுத்தால், செல் எதையாவது கொடுத்தாக வேண்டும். முதலில் கிராஃபைட்டின் மேல் இருக்கும் காப்புப் படலம் சிதையத் தொடங்கும். அதையும் தாண்டிச் சுமார் 1.5 வோல்ட்டுக்குக் கீழே போகப் போக, செப்புத் தகடே கரைந்து திரவத்தில் கலக்கும். திரி எரிகிறது என்றால் இதுதான்.

ஆபத்து அப்போது வெளியே தெரியாது. அந்த செல்லை மறுபடி சார்ஜ் செய்யும்போதுதான் தெரியும். கரைந்த செம்பு திரும்பவும் உலோகமாகப் படியும், ஆனால் பழைய இடத்தில் பழைய மாதிரி படியாது. முள் மாதிரி வளர்ந்து, இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் சவ்வைத் துளைத்தால் செல் தனக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். உடனே ஆகலாம், பத்து சார்ஜ் கழித்தும் ஆகலாம். வற்றின செல் அந்த நேரத்தில் தீப்பிடிப்பதில்லை. அதை "உயிர்ப்பித்த" பிறகு, நாம் தூங்கும்போது சார்ஜரில் இருக்கையில்தான் பயப்பட வேண்டும்.

நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய அமில பேட்டரியைப் பார்த்துப் பழகிய கை இது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்று, பூஸ்ட் சார்ஜ் போடு, ஓரளவு தேறிவிடும். அந்த அனுபவத்தை லித்தியத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

எந்த வோல்ட்டில் நிறுத்துவது

சாதாரண லித்தியம் அயான் செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட். அட்டையில் போட்டிருக்கும் 3.6 அல்லது 3.7 என்பது சராசரி. எவ்வளவு கீழே போகலாம் என்பதைத் தயாரிப்பாளரின் தகவல்தாள் சொல்லும். சாம்சங் 25ஆர் செல்லுக்கும் பானாசோனிக் என்சிஆர்18650பி செல்லுக்கும் அது 2.5 வோல்ட். சாம்சங்கின் 26எஃப் செல்லுக்கு 2.75.

அப்போ 2.5 வரை இழுக்கலாமே என்று தோன்றும். இழுக்கலாம், ஆனால் லாபம் இல்லை. 4.2-இல் தொடங்கி 3.4 வரை வோல்ட்டேஜ் மாடிப்படி மாதிரி மெதுவாக இறங்கும். 3.3-க்கு அப்புறம் சரிவு. 3.0-க்குக் கீழே செங்குத்துப் பள்ளம். 2500 எம்ஏஎச் செல் ஒன்றில் குறைந்த சுமையில் 3.0-க்கும் 2.5-க்கும் நடுவே மிச்சம் இருப்பது தோராயமாக 100 எம்ஏஎச் மட்டுமே. அந்த நாலு சதவீதத்துக்கு ஆசைப்பட்டு செல்லின் ஆயுளை ஏன் அடகு வைக்க வேண்டும்? பொழுதுபோக்குக்குச் செய்கிற சர்க்யூட்டுக்கு 3.0 முதல் 3.2 வரை ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

இன்னொரு விஷயம். வோல்ட்டேஜை எப்போது அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். செல்லுக்கு உள்ளே ஒரு எதிர்ப்பு உண்டு, செல் ஹோல்டரின் ஸ்பிரிங்கிலும் உண்டு. இரண்டும் சேர்ந்து 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வைஃபை பேசும் நேரத்தில் 300 மில்லிஆம்பியர் இழுத்தால் 0.09 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். துருப்பிடித்த ஸ்பிரிங் என்றால் இன்னும் மோசம். சுமையை இறக்கியதும் வோல்ட்டேஜ் மீண்டும் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் பின்னால் ஒரு பெரிய வம்பை இழுத்துவிடும், அங்கே சொல்கிறேன்.

மாட்யூலில் இருக்கும் காவல்காரன்

நாம் எல்லோரும் வாங்குவது டிபி4056 சார்ஜிங் மாட்யூல். கட்டைவிரல் அளவுக்குச் சின்ன நீல போர்டு. இதில் இரண்டு ரகம் உண்டு, கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். ஒன்றில் செல்லுக்கு மட்டும் பி பிளஸ், பி மைனஸ் என்று இரண்டு இணைப்புகள், போர்டில் ஒரே ஒரு ஐசி. இது வெறும் சார்ஜர். இன்னொன்றில் செல்லுக்கு இரண்டு, சுமைக்கு அவுட் பிளஸ், அவுட் மைனஸ் என்று வேறு இரண்டு. இந்த போர்டில் டிடபிள்யூ01ஏ என்ற காவல் ஐசியும், அது சொன்னதும் கதவைச் சாத்தும் 8205ஏ என்ற இரட்டை மாஸ்ஃபெட்டும் கூடுதலாக இருக்கும். விலையில் சில ரூபாய்தான் வித்தியாசம். என் டப்பாவில் இருந்தது முதல் ரகம். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டேன்.

காவல்காரன் இருக்கும் ரகத்தை வாங்கியும் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. சுமையை அவுட் முனைகளில் கொடுக்காமல் பி முனைகளில் கொடுத்துவிடுவார்கள். டிடபிள்யூ01ஏ மைனஸ் வழியில்தான் கதவு வைத்திருக்கிறது. சுமையின் மைனஸ் வயர் நேராக பி மைனஸுக்குப் போனால், வாசலில் காவல்காரன் நிற்க, சர்க்யூட் கொல்லைப்புறமாகப் போய்வரும்.

சரி, ஒழுங்காக இணைத்துவிட்டோம். போதுமா? போதாது. டிடபிள்யூ01ஏ கதவைச் சாத்துவது 2.4 வோல்ட்டில், அதில் 0.1 முன்பின் இருக்கும். மேலே பார்த்த 2.5, 2.75 எல்லாவற்றுக்கும் இது கீழே. விபத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை. செல்லின் ஆயுளைப் பேணுவது அதன் பொறுப்பில் இல்லை. மாடிச் சுவருக்கு வெளியே கட்டிய வலை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தால் பிடிக்கும், அதற்காகத் தினமும் அதில் குதிக்க முடியாது.

அது கதவைச் சாத்திவிட்டால் அவுட் முனைகளில் மீட்டர் 0 காட்டும். பலர் இதைப் பார்த்து செல் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். பி முனைகளில் அளந்து பாருங்கள். 2.4-க்கு மேல் இருந்தால் செல் உயிரோடுதான் இருக்கிறது. சார்ஜரைக் கொடுத்தால் கதவு திறக்கும். சோலார் பேனல் போட்ட கருவி என்றால் அடுத்த வெயிலே திறந்துவிடும்.

நிறுத்திய பிறகும் குடிப்பது

இப்போது என் கேள்விக்கு வருவோம். 3.0-இல் புரோகிராம் எல்லாவற்றையும் நிறுத்தியது. பிறகு யார் குடித்தது?

நான் பயன்படுத்தியது கடையில் கிடைக்கும் ஈஎஸ்பி32 டெவலப்மென்ட் போர்டு. ஈஎஸ்பி32 சிப் ஆழ்ந்த தூக்கத்தில் இழுப்பது சுமார் 10 மைக்ரோஆம்பியர்தான். ஆனால் தூங்குவது சிப் மட்டும். போர்டு தூங்குவதில்லை. அதில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் தன் சொந்தச் செலவுக்கே 5 மில்லிஆம்பியர் எடுக்கும். சிவப்பு பவர் எல்ஈடி ஒன்று ராத்திரி பகலாக எரிகிறது. யூஎஸ்பி சிப் வேறு இருக்கிறது. எல்லாம் சேர்த்து என் போர்டு "தூங்கும்போது" மீட்டரில் காட்டியது 9 மில்லிஆம்பியர். சிப் எடுப்பதைப்போல 900 மடங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.0 வோல்ட்டில் மிச்சம் இருந்தது 100 எம்ஏஎச். அதை 9-ஆல் வகுத்தால் 11 மணி நேரம். சனி இரவு 10.40-க்குக் கடைசிச் செய்தி. ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் செல் 2.5-க்குக் கீழே போயிருக்கும். அதன்பிறகு திங்கள், செவ்வாய் என்று அந்த சிவப்பு எல்ஈடியும் ரெகுலேட்டரும் திரியைத்தான் எரித்துக்கொண்டிருந்தன.

இந்தக் குறிப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: எந்த வோல்ட்டில் நிறுத்துகிறோம் என்பதைவிட, நிறுத்திய பிறகு எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் செல்லின் உயிரைத் தீர்மானிக்கிறது.

போர்டை மாற்றினேன். டெவலப்மென்ட் போர்டுக்குப் பதில் வெறும் ஈஎஸ்பி32 மாட்யூல். ஏஎம்எஸ்1117-க்குப் பதில் எச்டி7833, அதன் சொந்தச் செலவு 4 மைக்ரோஆம்பியர்தான், 500 மில்லிஆம்பியர் வரை கொடுக்கும். வைஃபை திடீரென்று இழுக்கும்போது தாங்க, அதன் வெளியீட்டில் 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று. இப்போது புதுக் கணக்கு: சிப் 10, ரெகுலேட்டர் 4, டிடபிள்யூ01ஏ 3, செல்லை அளக்கும் ரெசிஸ்டர் ஜோடி 2, டிபி4056 சும்மா இருக்கும்போது 2. ஆக 21 மைக்ரோஆம்பியர். அதே 100 எம்ஏஎச் இப்போது 4,700 மணி நேரத்துக்கு மேல், அதாவது ஆறு மாதத்துக்கு மேல் வரும். செல் தானாகவே கொஞ்சம் இழப்பதைக் கழித்தாலும் நாலைந்து மாதம் நிச்சயம். 11 மணி நேரம் எங்கே, இது எங்கே!

ஒழுகும் இடங்களைத் தேடும்போது எனக்குத் தட்டுப்பட்ட இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, அளக்கும் ரெசிஸ்டர்கள். செல் வோல்ட்டேஜைப் பாதியாக்கி ஏடிசி முனைக்குக் கொடுக்க இரண்டு 10 கிலோ ஓம் போட்டால் அதுவே எப்போதும் 200 மைக்ரோஆம்பியர் குடிக்கும். இரண்டு 1 மெகா ஓம் போட்டு, ஏடிசி முனையில் 100 நானோஃபேரட் கெப்பாசிட்டர் வைத்தால் 2 மைக்ரோஆம்பியரில் முடியும். ஈஎஸ்பி32-இல் இதற்கு 32 முதல் 39 வரையுள்ள முனைகளையே எடுங்கள். மற்ற ஏடிசி முனைகள் வைஃபை ஓடும்போது படிக்க விடாது.

இரண்டு, ரீட் சுவிட்ச். மழைமானியில் சின்ன ஏற்றம் மாதிரி ஒரு வாளி சாய்ந்து சாய்ந்து நிமிரும், ஒவ்வொரு சாய்வுக்கும் காந்தம் ரீட் சுவிட்சை ஒருமுறை மூடித் திறக்கும். எறும்போ இலையோ சிக்கி வாளி பாதியில் நின்றால் சுவிட்ச் மூடியபடியே இருக்கும். புல்-அப் 10 கிலோ ஓம் என்றால் 330 மைக்ரோஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். 1 மெகா ஓம் என்றால் 3.3தான்.

இதையெல்லாம் அளக்கும்போது ஒரு சின்ன உபாயம் வேண்டும். மீட்டரை மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் தொடராக வைத்தால் போர்டு எழவே எழாது, மீட்டரே வோல்ட்டேஜை விழுங்கிவிடும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு ஜம்பர் வயரால் இணைத்து வைத்துவிட்டு போர்டை ஆன் பண்ணுங்கள். அது தூங்கினதும் ஜம்பரை எடுங்கள். அப்போது தெரிகிற எண்தான் உண்மை. எழுந்திருப்பதற்கு முன்னால் ஜம்பரைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

எழுந்து விழுந்து எழுவது

ஏற்ற இறக்கம் என்று மேலே சொன்ன வம்பு இதுதான். "பிரவுன்அவுட் டிடெக்டர்" என்ற செய்தியை ஈஎஸ்பி32 வைத்து விளையாடிய எவரும் பார்த்திருப்பீர்கள். செல் இளைத்திருக்கிறது. சிப் எழுகிறது, வைஃபையை ஆன் செய்கிறது, வோல்ட்டேஜ் சரிகிறது, சிப் ரீசெட் ஆகிறது. சுமை போனதும் வோல்ட்டேஜ் ஏறுகிறது. மறுபடி எழுகிறது, மறுபடி விழுகிறது. இது விடிய விடிய நடக்கும். செய்தி ஒன்றும் போய்ச் சேராது, ஆனால் சராசரியாக 50 மில்லிஆம்பியருக்குக் குறையாமல் போய்க்கொண்டிருக்கும். மிச்சம் இருக்கும் 100 எம்ஏஎச் இரண்டு மணி நேரத்தில் காலி. தூக்கத்துக்குப் போக வேண்டிய வரியைப் புரோகிராம் எட்டுவதே இல்லை.

இதற்கு வழி இரண்டு. முதலாவது, எழுந்தவுடன் செய்யும் முதல் வேலை செல்லை அளப்பதாக இருக்க வேண்டும். வைஃபை அப்புறம். இரண்டாவது, நிறுத்தும் கோடும் மீண்டும் தொடங்கும் கோடும் ஒன்றாக இருக்கக் கூடாது. 3.1-இல் நிறுத்தினால் 3.6 வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால், சுமை இறங்கியதும் செல் தானாக ஏறுகிற அந்த 0.1, 0.2 வோல்ட்டை வெயில் வந்துவிட்டது என்று கருவி நம்பிவிடும். 3.0 வோல்ட் சூப்பர்வைசர் ஐசி ஒன்றைப் போட்டு ரெகுலேட்டரையே அணைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஐசிகள் பலவற்றில் இந்த இடைவெளி மிகக் குறைவு. அதனால் விளக்கு மினுக்குவது மாதிரி அணைந்து எரிந்து அணையும்.

நான் இப்போது வைத்திருக்கும் படிகள் இவை.

3.5 வோல்ட்டுக்கு மேல்: பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி.

3.5 முதல் 3.3 வரை: மணிக்கு ஒரு செய்தி.

3.3 முதல் 3.1 வரை: வைஃபை கிடையாது. மழையை எண்ணுவது மட்டும்.

3.1-க்குக் கீழே: எண்ணிக்கையை ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதிவிட்டு எல்லாம் நிறுத்தம். மணிக்கு ஒருமுறை எழுந்து, வைஃபை இல்லாமல் செல்லை அளந்துவிட்டு மறுபடி தூக்கம். 3.6 வந்தால்தான் வேலை.

மணிக்கு ஒருமுறை எழுவது வீண்செலவு இல்லையா? 40 மில்லிஆம்பியரில் 0.3 நொடி விழித்திருந்தால், மணிக்கணக்கில் பரப்பிப் பார்க்கும்போது 3 மைக்ரோஆம்பியர் சொச்சம்தான். தாங்கும்.

மூன்றாவது படிதான் எனக்கு முக்கியம். வாளி ஒருமுறை சாய்ந்தால் என் கருவியில் 0.3 மில்லிமீட்டர் மழை. 300 மில்லிமீட்டர் கொட்டினால் ஆயிரம் சாய்வு. ஒவ்வொரு சாய்வுக்கும் சிப் 0.3 நொடி விழித்தால், ஆயிரம் சாய்வுக்கும் சேர்த்து ஆகும் செலவு 3.3 எம்ஏஎச். ஒரு பெரும்புயலின் மழை முழுவதையும் எண்ண 4 எம்ஏஎச்கூடத் தேவையில்லை! அதே நேரத்தில் பழைய போர்டு ஒரு பயனும் இல்லாமல் நாளொன்றுக்கு 216 எம்ஏஎச் குடித்துக்கொண்டிருந்தது. மேகம் மூடிய கார்த்திகை மாதத்தில் பேனலும் ஒரு வாரமாக ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இழந்தது செல் சின்னது என்பதால் இல்லை.

வற்றிய செல்லை என்ன செய்வது

0.9 வோல்ட் செல்லைத் தேரடி அண்ணனிடம் கொண்டு போனது ஒரு நப்பாசையில்தான். இன்னொரு செல்லை இணையாக வைத்து ஒரு நிமிடம் தொட்டால் உயிர் வந்துவிடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். வோல்ட்டேஜ் வரும், உண்மைதான். கரைந்த செம்பு வராது. அண்ணன் அதைச் செய்ய மறுத்துவிட்டார்.

நான் பின்பற்றும் முறை இது. 2.5-க்கு மேல் என்றால் சாதாரணமாக சார்ஜ் செய்யலாம். 2.0-க்கும் 2.5-க்கும் நடுவில், அதுவும் கொஞ்ச நேரம்தான் அப்படி இருந்தது என்று தெரிந்தால், பக்கத்தில் உட்கார்ந்து சார்ஜ் செய்து பார்க்கலாம். டிபி4056-ஏ செல் 2.9 வோல்ட்டைத் தாண்டும்வரை பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில்தான் மெதுவாக ஏற்றும். செல் சூடானால் உடனே கழற்றுங்கள். நிறைந்த பிறகு ஒரு வாரம் தனியே வைத்து அளந்து, வோல்ட்டேஜ் தானாக இறங்கினால் அது தேறாது. 2.0-க்குக் கீழே பல நாள் கிடந்தது என்றால் யோசிக்கவே வேண்டாம். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து செல் எடுப்பவர்களுக்கும் இதே விதிதான். பிரித்தவுடன் அளந்து, வற்றியதை ஒதுக்கிவிடுங்கள். 18650 அளவில் இன்று கிடைக்கும் நல்ல செல்களே 3,500 எம்ஏஎச் சுற்றளவில்தான் இருக்கின்றன. 9,900 என்று அச்சடித்த செல்லைப் பார்த்தால் அதையும் ஒதுக்குங்கள்.

ஒதுக்கிய செல்லின் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போட வேண்டாம். அங்கே நசுங்கினால் தீப்பிடிக்கும். பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கும் விதிகள் 2022 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளன.

இரண்டு செல்லைத் தொடராக வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மொத்தம் 6.0 வோல்ட் என்றால் ஆளுக்கு 3.0 என்று அர்த்தம் இல்லை. ஒன்று 3.6, மற்றது 2.4 என்றும் இருக்கலாம். மொத்தத்தை மட்டும் அளக்கும் சர்க்யூட்டுக்கு இது தெரியாது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்க்கும் பிஎம்எஸ் போர்டு போடுங்கள்.

பாஸ்பேட் செல் போட்டால் தப்பிக்கலாமா

வெளியில் வைக்கும் கருவிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் நல்லது என்பார்கள். சரிதான், சூட்டையும் முரட்டுத்தனத்தையும் அதிகம் தாங்கும். இந்த வகை செல்லுக்கு வழி திறந்த ஆய்வுகளில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பங்குண்டு. தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், ஜான் குட்எனஃப்புடன் சேர்ந்து 1980-களில் சல்ஃபேட் போன்ற தொகுதிகள் கொண்ட நேர்முனைப் பொருள்களை ஆராய்ந்தார். பாஸ்பேட் செல் அந்த வழியில் பின்னால் வந்தது. 2019-இல் குட்எனஃப்புக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான்.

ஆனால் பாஸ்பேட் என்பது நேர்முனையில் மட்டும். எதிர்முனையில் அதே கிராஃபைட், அதே செப்புத் தகடு. எனவே வற்றினால் அதே கதிதான். அதன் வோல்ட் அளவுகள் வேறு: சராசரி 3.2, கீழ் எல்லை 2.5. 4.2 வரை ஏற்றும் டிபி4056 மாட்யூலை அதற்குப் போடவே கூடாது. 3.6-இல் நிறுத்தும்படி அமைத்துக்கொள்ளக்கூடிய டிபி5000 மாதிரி சார்ஜர் வேண்டும்.

இப்போது

புது மழைமானி மாடியில்தான் இருக்கிறது. செலவு என்று பார்த்தால் பாதுகாப்புள்ள மாட்யூல், ஒரு ரெகுலேட்டர், நாலு ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர். எல்லாம் சேர்த்து ஒரு புது செல்லின் விலைகூட வராது. மாடியில் வைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். பேனலைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் போட்டு, அலமாரியில் வைத்துவிட்டு, அது ஒவ்வொரு படியாக இறங்கி 3.1-இல் நிற்கும்வரை விட்டேன். நின்ற பிறகு முப்பது நாள் தொடவில்லை. முப்பத்தோராம் நாள் அளந்தால் செல் 3.1-க்குக் கீழே போகவில்லை. சுமை இறங்கியதில் சற்று ஏறியே இருந்தது. பேனலை மாட்டி வெயிலில் வைத்தேன். செல் 3.6-ஐத் தொட்டதும் முதல் செய்தி வந்தது.

நீங்கள் செய்யும் கருவி எதுவானாலும், கிணற்று நீர்மட்டமோ, தோட்டத்து ஈரப்பதமோ, பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாமானோ, இந்தச் சோதனையைச் செய்யாமல் வெளியே வைக்காதீர்கள். வெயில் காலத்தில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் ஓடும்.